குடமுருட்டிக் கரையில் ஒரு கேமிங் கணினி: முதல் இயக்கமும் எர்த் கம்பியும்

திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடையில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இருக்கும் அக்காள் வீட்டில், கல்லூரி சேரும் அவர் மகனுக்காக ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினியை உதிரிபாகங்களிலிருந்து பூட்டிக் கொடுத்த வேலையின் பதிவு இது. எந்த உதிரிபாகத்தை வாங்குவது என்பதைப் பற்றி இணையத்தில் ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பூட்டி முடித்த கணினி முதல் முறை இயங்க மறுக்கும்போது, கிராமத்து வீடு ஒன்றில் சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் இல்லை. மதர்போர்டிலிருந்து அல்ல, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் கீழே வரும் செய்திகளில் இருக்கிறது.

முதலில் உதிரிபாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். இதனோடு பெயரளவில் நெருங்கிய 5600ஜி சற்று மலிவாகக் கிடைக்கும்போது பலர் அதை வாங்கிவிடுகிறார்கள்; அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு என்றாலும் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி மட்டுமே, 5600-இல் அது 32 எம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவருக்கு ஜி தேவையில்லை. கிராபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. மொத்தச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போயிற்று, போகவும் வேண்டும். ரேம் 8 ஜிபி வீதம் இரண்டு, டிடிஆர்4 3200. ஒரே 16 ஜிபி துண்டாக வாங்கினால் இரட்டை சேனல் கிடைக்காது, விளையாட்டில் அது தெரியும். 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று. மதர்போர்டு பி450 சிப்செட் கொண்டது. பி550 வாங்கியிருந்தால் கிராபிக்ஸ் கார்டு பிசிஐஇ 4.0 வேகத்தில் இயங்கியிருக்கும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு என்பதால் பி450-இன் 3.0 வேகத்தில் சிறிது இழப்பு உண்டு, ஆனால் 1080பி திரைக்கு அந்த இழப்பு விலை வித்தியாசத்துக்கு ஈடாகவில்லை. நான் பி450-இல் ஒன்றை மட்டும் கட்டாயமாகப் பார்த்தேன்: பின்பக்கத்தில் பயாஸை (பலகையில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை) பிளாஷ் செய்யும், அதாவது மாற்றி எழுதும், பொத்தான் இருக்க வேண்டும். அது ஏன் என்பது பின்னால் தெரியவரும்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் வாட் எண்ணைப் போட்டு, 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று எதுவும் இல்லாமல், கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்களை நம் கடைகளில் "கேமிங்" என்ற பெயரில் விற்கிறார்கள். நாங்கள் வாங்கியது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) சான்று பெற்றது. டெல்டாவில் இருப்பவர்கள் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இன்னொன்றையும் படிக்க வேண்டும்: உள்ளீடு 100–240 வோல்ட் என்று இருக்கிறதா, 200–240 என்று இருக்கிறதா. குறுவை நாற்றங்காலுக்குப் பில்டர் பாயிண்ட் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் மாலை நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் 170, 180-க்கு இறங்குவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. முதல் வகை அதைப் பொருட்படுத்தாது, இரண்டாம் வகை நின்றுபோகலாம். முதல் வகையை வாங்கியவர்களுக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை.

கேபினட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தஞ்சாவூரிலேயே வாங்கினோம், மற்றவை கூரியரில் வந்தன. எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட, வரிசை எண் எழுதிய பில் வாங்கிவைத்தோம். உத்தரவாதத்துக்கு அந்த எண்தான் வேண்டும்.

பூட்டும் வேலையை விரித்து எழுத ஒன்றுமில்லை. மதர்போர்டை நேரே கேபினட்டுக்குள் வைக்காமல், அது வந்த அட்டைப் பெட்டியின் மீதே வைத்து, பிராசசர், அதனுடன் வரும் கூலர், ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை மட்டும் பொருத்தி முதலில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. பலகையின் அடிப்பகுதி கேபினட்டின் உலோகத்தில் உரசி ஷார்ட் ஆகும் ஐயம் இல்லாமல் போகிறது. பவர் பொத்தானின் கம்பியைத் தவறான ஊசியில் செருகிவிட்டோமோ என்ற கேள்வியும் எழாது, ஏனென்றால் பொத்தானுக்குரிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டாலே கணினி எழும்.

எழுந்தது. விசிறிகள் சுழன்றன, கிராபிக்ஸ் கார்டின் விசிறியும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பலகையின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (தொடக்க வட்டு) என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. தொடங்கும்போது இவை வரிசையாக எரிந்து அணைய வேண்டும், எதில் நிற்கிறதோ அங்கே சிக்கல். எங்களுக்குச் சிபியு விளக்கு நிலைத்து எரிந்தது. (திரையின் கம்பியை மதர்போர்டின் எச்டிஎம்ஐ வாயில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று தேடுகிறவர்களும் உண்டு. 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் அந்த வாய் எப்போதும் வெறுமைதான். கம்பி கார்டில் இருக்க வேண்டும்.)

இந்த நிலையில் வழக்கமாகச் செய்யும் சோதனைகளைச் செய்தோம். பிராசசருக்கான எட்டு முனை மின்கம்பியைக் கழற்றி, "க்ளிக்" என்று கொக்கி விழும்படி மறுபடி செருகினோம். கிராபிக்ஸ் கார்டுக்குரிய எட்டு முனைக் கம்பியும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் என்பதால் இரண்டும் இடம் மாறவில்லை என்பதையும் உறுதிசெய்தோம். ஏஎம்4 பிராசசர்களில் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கும். கூலரைக் கழற்றும்போது வெப்பம் கடத்தும் பேஸ்ட்டின் பிடிப்பில் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வருவது உண்டு, ஆகவே கூலரை நேரே இழுக்காமல் இடவலமாகத் திருகி எடுத்து, 1331 ஊசிகளையும் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தோம். ஒன்றும் வளைந்திருக்கவில்லை. ரேமை பிராசசரிலிருந்து இரண்டாவது இடத்தில் தனியாக வைத்துப் பார்த்தோம், பின் மற்றொரு துண்டை வைத்துப் பார்த்தோம். நாணய வடிவ பேட்டரியைக் கழற்றி, சிமாஸ் ஜம்பரைத் தொட்டு, பயாஸ் அமைப்புகளை அழித்தோம். மல்டிமீட்டரில் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் வரிசை 12.1 காட்டியது, 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது என்பதால் அங்கும் குறையில்லை. சிபியு விளக்கு அசையவில்லை.

இதற்கிடையில், வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றபடி கார்டை அழுத்திப் பிடித்திருந்த பையன் கையை வெடுக்கென்று எடுத்தான். "மாமா, இரும்பத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது" என்றான். டெஸ்டரை எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உடலில் வைத்தபோது நியான் மங்கலாக எரிந்தது. அந்த இடத்தில் பிராசசர் சோதனையை நிறுத்திவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில், மின்சார இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின்சாரம் வரும் பேஸ் கம்பியிலிருந்து உடலுக்கும் நியூட்ரலிலிருந்து உடலுக்கும் ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் அந்த இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவே தொங்கி, வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியை ஏந்தி நிற்கும். பிளக் பாயிண்டில் அளந்தபோது இதுவே தெரிந்தது: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 208 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நூற்றைச் சற்று ஒட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு. எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டில் முதல் இரண்டு எண்களும் கிட்டத்தட்டச் சமமாகவும், மூன்றாவது சில வோல்ட்டாகவும் இருக்க வேண்டும்.

இந்தச் சுருக்கென்ற இழுப்பு மனிதரைக் கொல்லும் அளவு மின்னோட்டம் கொண்டதல்ல என்பதால் "எல்லா வீட்டிலும் கம்ப்யூட்டர் தொட்டால் அப்படித்தான் இருக்கும்" என்று கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாவது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு நாள் பேஸ் கம்பி உண்மையாகவே உடலைத் தொட்டுவிட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டாவது, உடலில் நூறு வோல்ட்டை ஏந்திய கணினியின் எச்டிஎம்ஐ கம்பியை, டிஷ் ஆன்டெனா வழியாக மண்ணோடு தொடர்பு கொண்ட டிவியில் செருகினால், செருகும் கணத்தில் அந்த வேறுபாடு கார்டின் வாய் வழியாகத்தான் சமனாகும். ஐம்பதாயிரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு விலை கொடுத்த பொருளை அதற்கு ஒப்புக்கொடுப்பது சரியல்ல.

ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாவது துளைக்குரிய பச்சைக் கம்பி வீடு முழுவதும் முறையாக ஓடி, மெயின் பெட்டி வரை வந்திருந்தது. அங்கிருந்து வெளியே கொல்லைப்புறம் போகும் கம்பி மட்டும் துருப்பிடித்து, மண்ணுக்குச் சற்று மேலே அற்றுப்போயிருந்தது. அதை முறுக்கிச் சேர்ப்பது போதாது என்று அவரே சொன்னார்; மண்ணில் புதைத்திருந்த பழைய எர்த் பைப்பும் அரித்துப்போயிருந்தது.

இதற்கு ஒரு குறுக்கு வழியைச் சிலர் செய்கிறார்கள், அதை யாரும் செய்யக் கூடாது: பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. டெஸ்டர் உடனே அணைந்துவிடும், கையில் இழுப்பதும் நின்றுவிடும். ஆனால் காற்றிலோ மழையிலோ கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி அற்றுவிட்டால், வீட்டில் எரியும் பல்பு வழியாகவே முழு மின்னழுத்தமும் கேபினட்டின் உடலுக்கு வந்துவிடும். அப்போது இழுப்பது சுருக்கென்று இருக்காது.

புதிய எர்த் குழியைக் கொல்லையில், சுவரிலிருந்து தள்ளி, குளியலறைத் தண்ணீர் வழிந்தோடும் பக்கமாகத் தோண்டினார்கள். ஆற்றுப் படுகை என்பதால் மேலே களியும் அதற்குக் கீழே மணலுமாக இருந்தது, மணல் வரும் ஆழத்திலேயே ஈரம் தட்டியது. மேட்டு நிலத்தில் பாறையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பொறாமைப்படக்கூடிய மண் நம்முடையது. 40 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் நீளமுள்ள துளையிட்ட ஜிஐ பைப்பை நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்றுவதற்குப் புனல் வைத்து மூடினார்கள். சித்திரை, வைகாசியில் அந்தப் புனலில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். மணல் காய்ந்தால் உப்பு இருந்தும் பயனில்லை.

மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் சேர்க்கச் சொன்னேன். அக்காளுக்கு இது வீண் செலவாகத் தோன்றியது. கணக்குப் போட்டுக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். நல்ல குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேஸ் கம்பி உடலைத் தொடும்போது எர்த் வழியே ஓடுவது 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி (அதிக மின்னோட்டத்தில் துண்டிக்கும் சுவிட்ச்) அதைக் கண்டவுடன் விழாது, சூடாகி விழ வெகுநேரம் எடுக்கலாம். அந்த நேரத்தில் தொட்டவரைக் காப்பது ஆர்சிசிபி மட்டுமே. வேலை முடிந்ததும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருந்தது, நியான் எரியவில்லை.

எர்த் போட்டதால் திரையில் படம் வந்துவிடவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. சிபியு விளக்கின் காரணம் வேறு. பி450 பலகைகள் 2018-இல் வந்தவை, ரைசன் 5 5600 விற்பனைக்கு வந்தது 2022 ஏப்ரலில். இடையில் வந்த பயாஸ் மேம்பாடுகள் எழுதப்படாத பழைய இருப்பாக இருந்தால், அந்தப் பலகைக்கு இந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. "அப்டேட் செய்தே அனுப்புகிறோம்" என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். பலகையின் மீது ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரில் இருந்த பயாஸ் பதிப்பு எண்ணை, தயாரிப்பாளரின் பிராசசர் பட்டியலில் 5600-க்கு நேரே குறிப்பிட்ட எண்ணோடு ஒப்பிட்டதில், எங்களுடையது அதைவிட வெகு பழையது என்பது தெளிவாயிற்று. சிபியு விளக்கு எரிந்து, கம்பியும் ஊசியும் சரியாக இருந்தால், அடுத்துப் படிக்க வேண்டியது அந்த ஸ்டிக்கரைத்தான்.

பொத்தான் இல்லாத பலகையாக இருந்திருந்தால், பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் பொருத்தி, அதைக் கொண்டு பயாஸை மாற்றியிருக்க வேண்டும். தஞ்சாவூரில் கடைகள் செய்து தரும், ஆனால் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பொத்தான் இருந்ததால் வேலை எளிது. எப்ஏடி32 முறையில் பார்மேட் செய்த பென் டிரைவில், தயாரிப்பாளர் சொல்லும் பெயருக்கு மாற்றிய பயாஸ் கோப்பை மட்டும் வைத்து, பின்பக்கத்தில் குறியிட்ட யுஎஸ்பி வாயில் செருகி, 24 முனைக் கம்பியையும் எட்டு முனைக் கம்பியையும் இணைத்து, பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் அதன் விளக்கு மினுக்கத் தொடங்கும். பிராசசரோ ரேமோ அதற்குத் தேவையில்லை. மினுக்கல் நிற்கும் வரை, அதாவது சில நிமிடங்களுக்கு, மின்சாரம் போகக் கூடாது. ஆகவே மோட்டார்கள் ஓடாத காலை நேரத்தில், இன்வர்ட்டர் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே இதைச் செய்தோம்.

மறுபடி இயக்கியபோது சிபியு விளக்கு அணைந்து டிராம் விளக்குக்குப் போயிற்று, அங்கே நின்றது. பையன் பொத்தானை நோக்கிக் கை நீட்டினான், தடுத்தேன். புதிய பயாஸ் புதிய ரேமை முதன்முறை பார்க்கும்போது, நேரக் கணக்குகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். தானாக அணைந்து தானாக எழுவதும் உண்டு. ஒரு நிமிடம் வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுத்தோம், படம் வந்தது. புதிய பிராசசர் பொருத்தப்பட்டிருக்கிறது, எப்டிபிஎம் (பிராசசருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) தகவலை அழித்துப் புதிதாகத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு, இன்னும் விண்டோஸ் எதுவும் நிறுவப்படாத கணினி என்பதால், தயங்காமல் ஒய் எழுத்தை அழுத்தினோம். முன்பே பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்ட வட்டு உள்ளவர்கள் அந்த இடத்தில் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அழுத்த வேண்டும்.

பயாஸுக்குள் செய்தவை சில மட்டுமே. ரேம் இயல்பாக 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைத் தேர்ந்தெடுத்து 3200 ஆக்கினோம். விண்டோஸ் 11-க்கும், பையன் ஆட விரும்பிய வேலரண்ட்டுக்கும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும் என்பதால் அவற்றை இயக்கினோம். பிறகு எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் மாற்றினோம். வைகாசி வெயிலில் அறை அனலாக இருந்த பிற்பகலில், உடன் வந்த கூலரோடு பிராசசர் எண்பதைத் தாண்டியது. 5600-இன் எல்லை 90 டிகிரி. முன்பக்க விசிறியின் வேகத்தைச் சற்று ஏற்றியதும் அடங்கியது.

கடைசியாக ஒரு தொந்தரவு இருந்தது. மாலையில் விளையாடும்போது மட்டும் கணினி திடீரென்று அணைந்து எழுந்தது. விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று பதிவாகியிருந்தது. அது மின்சாரம் எதிர்பாராமல் போயிற்று என்று மட்டுமே சொல்லும், ஏன் போயிற்று என்று சொல்லாது. எஸ்எம்பிஎஸ் பழுது என்று அதை மாற்றக் கிளம்புவதற்கு முன், அதே பளுவைக் காலையில் கொடுத்துப் பார்த்தோம். வெகுநேரம் ஓடியும் அணையவில்லை. மாலையில் அணையும் ஒவ்வொரு முறையும் டியூப்லைட்டும் கண் சிமிட்டுவதை அக்காள்தான் கவனித்துச் சொன்னார். இன்வர்ட்டரின் பின்புறச் சுவிட்ச் ஈகோ நிலையில் இருந்தது. அந்த நிலையில், மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி மின்விசிறிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது பதினாறு, பதினேழு மில்லிவிநாடி அளவுக்குத்தான். சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றியதும் மாறும் நேரம் குறைந்து, அணைவது நின்றது. இதற்கு ஒரு விலை உண்டு: அந்த நிலையில் மின்னழுத்தம் 180-க்குக் கீழே வந்தாலே இன்வர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும். விளையாடும்போது கணினி மட்டும் சுமார் 250 வாட் எடுப்பதால், திரையின் 75 ஹெர்ட்ஸுக்கு மேல் பிரேம்கள் போகாதபடி கட்டுப்படுத்தி வைத்தோம். பேட்டரியில் ஓடுகிறது என்று தெரிந்தால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு அணைக்க வேண்டும் என்பது அக்காள் விதித்த நிபந்தனை.

கேபினட்டில் வந்த வண்ண விளக்குகளைப் பையன் ஆசையாக எரியவிட்டிருந்தான். சன்னலுக்கு அப்பால் வயல். பயிர் வளர்ந்த பிறகு இரவில் இந்த விளக்குகள் வயலில் வைக்கும் விளக்குப் பொறியைப் போலவே வேலை செய்யும். புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் வெளிச்சத்தைத் தேடி வந்து, விசிறியின் இழுப்பில் உள்ளே போய், கூலரின் தகடுகளுக்கு இடையில் சிக்கும். ஆகவே விளக்குகளின் கம்பியைக் கழற்றிவிட்டோம். முன்பக்க வலைக்கு மேல் கழற்றித் துடைக்கக்கூடிய மெல்லிய வடிகட்டி ஒன்றைப் பொருத்தினோம். அறுவடை இயந்திரம் ஓடும் நாட்களில் வரும் நெல் சுணை அதில் ஒட்டும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் பழைய மர முக்காலி ஒன்றின் மேல் ஏற்றியிருக்கிறோம், ஐப்பசி மழையில் அந்த அறையின் தரை ஓதம் காக்கும்.